எழுத்தாணிப் பூ மூடிய மத்தியானம்

மணலில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இடது கையால் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கைப் பெருவிரல் நகத்தால் ஒரு மொட்டைக் கீறிக்கொண்டிருக்கிறேன். மொட்டு என்று சொல்வதும் தப்பு. காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொண்ட பூ அது.

காற்று மணலை அள்ளி முகத்தில் வீசுகிறது. எதிரே பக்கத்து வீட்டு ஜொகரா லாத்தா முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கிறார். என் நாத்தனார் வள்ளி சற்றுத் தள்ளி நின்று அழுகிறாள். பிள்ளை மட்டும் அழவில்லை. காலையிலிருந்தே அழவில்லை.

பாம்பனில் நாங்கள் குடியிருந்த நாட்களைச் சில வாரங்களாக எழுதி வருகிறேன். நான் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரயில் பாலத்தில் ஏறினால் அடுத்த கரை வரும்வரை கண்ணைத் திறக்க மாட்டேன். "பாலத்தத் தாங்குறது தூணுன்னு எல்லாரும் நெனைக்கிறாக. ஒன் வேண்டுதல்தான் தாங்குது" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் கண்ணுக்கு அன்று பட்டப்பகலே இருண்டது. அந்தக் கதைதான் இந்த வாரம்.

பாலில்லாத வீடு

நான் பிறந்தது முதுகுளத்தூருக்குப் பக்கத்தில், மிளகாயும் ஆடும் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு கரிசல் கிராமம். கடல் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். வீட்டுக்காரரும் அதே ஊர்க்காரர்தான்; பாம்பன் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வாத்தியார் வேலை. சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது.

தலைப்பிரசவத்துக்கு ஊர் வழக்கப்படி தாய் வீட்டுக்குப் போனேன். ஆண் பிள்ளை. ஒரு மாதம்கூட இருக்கவில்லை. நோய் நொடி என்று எதுவும் இல்லை; ஒரு நாள் பால் குடித்துவிட்டுத் தூங்கினான், எழுந்திருக்கவில்லை. பிள்ளை நன்றாகத் தூங்குகிறானே என்று நான் மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

அதனால் இரண்டாவது பிரசவத்துக்கு அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாம்பனிலேயே, நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டிலேயே, மருத்துவச்சி வந்து பிள்ளை எடுத்தார். பெண். துணைக்கு வீட்டுக்காரரின் தங்கை வள்ளியை ஊரிலிருந்து வரவழைத்திருந்தோம். கல்யாணம் ஆகாத பெண், வாயே திறக்க மாட்டாள், வேலை மட்டும் பம்பரமாகச் செய்வாள்.

பிரசவத்துக்குப் பின் எனக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டபோது பாலும் நின்றுவிட்டது. பிள்ளை சப்பிப் பார்க்கும், ஒன்றும் வராது, வீறிட்டு அழும். குரல் கம்மும்வரை அழும். லாத்தா வீட்டு ஆட்டுப் பாலைத் தண்ணீர் கலந்து துணியில் நனைத்துக் கொடுத்தால் வயிற்றால் போனது. தொடையில் சதை இல்லை, தோல் சுருங்கிக் கிடந்தது.

அந்தக் கரையில் பால் வற்றியவளுக்கு முதல் மருந்து பால்சுறா. பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு அவித்துக் கொடுப்பார்கள். ஆனால் அது கார்த்திகை மாதம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். மழை இல்லை, வெறும் காற்று. வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கவிழ்ந்து கிடந்தன. சுறாவுக்கு எங்கே போவது?

காற்று கூடினால் பாலத்தில் ரயிலை விட மாட்டார்கள். பரீட்சைத் தாள் விஷயமாக ராமநாதபுரம் போன வீட்டுக்காரர் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார். தீவில் ஆண் துணை இல்லாமல் நானும், பேசாத வள்ளியும், பால் கேட்டு அழும் பிள்ளையும்.

லாத்தா சொன்ன கீரை

ஜொகரா லாத்தாவுக்கு முப்பது வயசு இருக்கும். கணவர் கொழும்பில் கடை வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்று கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே பழகிவிட்டோம்.

ஒரு மத்தியானம் பிள்ளை அழுகிற சத்தம் பொறுக்காமல் கொல்லைப்பக்கமாக வந்தார்.

"சுறா இல்லேனா என்ன தங்கச்சி? எழுத்தாணிக் கீர இருக்கு. எங்க வீட்டுல புள்ளப் பெத்தவளுக்கெல்லாம் அதத்தேன் ஆக்கிக் குடுப்பாக. வடக்கால மணல்ல படர்ந்து கெடக்கும். மஞ்சப் பூவு, செவ்வந்தி கணக்கா, ஆனா சின்னது. ஒடிச்சா பாலு வரும்."

வள்ளி கேட்டுக்கொண்டு நின்றாள். லாத்தா தன் வீட்டுக்குள் போய்ச் சேர்வதற்குள் இவள் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். விடிந்து போனால் போதும் என்று லாத்தா நினைத்திருக்கிறார். அவர்கள் இந்தக் கீரையை வெயிலுக்கு முன்னால்தான் பறிப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் கரிசல் காட்டில் கீரைக்கு நேரம் காலம் கிடையாது. மழை பெய்தால் முளைக்கும், கண்டால் பறிக்க வேண்டியதுதான். பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை என்று பெண்கள் களை எடுக்கும்போதே பறித்துச் சேர்த்து, பிடி பிடியாக அடுக்கி, அடியைத் தட்டிச் சமமாக்கி, கட்டுக் கட்டித் தலையில் வைத்து வருவார்கள். உதிரியாக மடியில் அள்ளி வருகிறவளைச் சோம்பேறி என்பார்கள். இதே கடற்கரையில் பாருங்கள், எல்லோரும் மடியில்தான் அள்ளி வருகிறார்கள். ஊருக்கு ஊர் சோம்பேறித்தனத்துக்கு அளவுகோல் வேறு.

வள்ளி நிறையவே கொண்டுவந்தாள். பாசிப்பருப்பும் பூண்டும் போட்டுக் கடைந்தாள். இலேசாகக் கசந்தது. பசியில் அது பெரிதாகப் படவில்லை. நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் மார்பு கனத்தது.

நம்ப முடியவில்லை. கீரை செய்த வேலையா, காய்ச்சலுக்குப் பிறகு முதல் முறையாக வயிறு நிறையச் சோறு தின்றதன் பலனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிள்ளை மூச்சு வாங்க வாங்கக் குடித்தது. வாயோரம் பால் வழிந்தது. வள்ளி அதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

குடித்து முடித்துப் பிள்ளை தூங்கியது.

இலை எங்கே?

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தொட்டிலை ஆட்டிவிட்டுக் குளித்தேன். தலை துவட்டினேன். இன்னும் தூங்கியது. பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள். அந்தச் சத்தத்துக்குத் தினமும் திடுக்கிட்டு அழுகிற பிள்ளை, அசையவில்லை.

மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்துப் பார்த்தேன். இப்படித்தானே அவனும் தூங்கினான் என்று ஒரு நினைப்பு வந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

தொழுகை முடித்து லாத்தா வந்தார். "பாலு வந்துச்சாமே? அல்லாவோட கிருப" என்று சொல்லிக்கொண்டே கொல்லையில் கால் வைத்தவர், அப்படியே நின்றார்.

கழிவு கொட்டும் மூலையில் கீரைத் தண்டுகளோடு ஒரு நீளமான கொடி கிடந்தது. ஒரு இலைகூட இல்லாமல் மொட்டையாக. லாத்தா குனிந்து எடுத்து முகர்ந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏத்தா வள்ளி, இத நீயா பறிச்ச?"

"ஆமா லாத்தா, நாந்தேன் பறிச்சேன்."

"யா அல்லா! இது வேலிப்பருத்தியில்ல! இதுலயும் ஒடிச்சாப் பாலு வரும், ஆனா வகுத்துக்குள்ள போனா கொடலப் பெரட்டி எடுத்துரும். இதோட எல எங்க? சட்டியில போட்டியா?"

வள்ளி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள். முதல் பிள்ளை செத்தபோது என் முகம் எப்படி இருந்தது என்பதைப் பார்த்தவள் அவள். அதே முகத்தை மறுபடி பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். அழுது அழுது விக்கல் எடுத்துவிட்டது.

"லாத்தா சொன்ன மஞ்சப் பூவ நீ பாத்தியா இல்லியா?" என்று நான் கத்தினேன்.

"பூவே இல்ல மதினி" என்றாள் விக்கலுக்கு நடுவில். "பாலு வந்துச்சு... பறிச்சேன்."

பால் வந்தது, பறித்தேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பாலுள்ள செடி தாய்ப்பாலுக்கு ஆகும் என்பது கரிசல் காட்டு நம்பிக்கை. அம்மான் பச்சரிசியைக்கூட அதற்காகத்தான் அரைத்துக் கொடுப்பார்கள். அந்த மணலில் பால் வடியும் செடி எத்தனை சாதி இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

"ஒனக்கு ராத்திரி கொமட்டுச்சா?" என்று லாத்தா கேட்டார்.

குமட்டியதுபோல் இருந்தது என்றேன். உண்மையில் குமட்டியதா என்று இப்போது கேட்டால் சொல்ல முடியாது. பயம் வந்தால் நடக்காததெல்லாம் ஞாபகத்துக்கு வரும். தாய் தின்பது பாலில் இறங்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். நான் தின்றது இறங்கி, இதோ பிள்ளை விழிக்காமல் கிடக்கிறது.

லாத்தா சட்டென்று தெளிந்தார். ராமேஸ்வரத்துக்கு மாட்டு வண்டி பூட்டச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"ரயிலு ஓடல, வண்டி பூட்டி வர நேரமாகும். அதுக்குள்ள வா. டாக்டரு மொதக் கேள்வியா பெத்தவ என்னத்தத் தின்னானுதான் கேப்பாரு. சட்டியக் கழுவிக் கமுத்தியாச்சு. பறிச்ச எடத்தப் போயிப் பாத்தாத்தேன் ஆச்சு."

பிள்ளை பெற்றவள் காற்றில் போகக்கூடாது. புயல் கூண்டு ஏற்றிய காற்றில் போகலாமா என்று கேட்கவும் வேண்டுமா? காதில் துணியைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையைச் சேலைக்குள் பொதிந்துகொண்டு கிளம்பினேன். தொட்டிலில் விட்டுவிட்டு வா என்றார் லாத்தா. விடவில்லை. கைச்சூட்டிலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மணலில் ஒரு தையல்

வடக்கே பனைகளைத் தாண்டினால் மணல் மேடு. வள்ளி முன்னால் ஓடினாள். ஓரிடத்தில் நின்று கை காட்டினாள்.

மணலோடு மணலாக ஒரு செடி படர்ந்திருந்தது. ஒரு மூட்டில், அதாவது ஒரு கொத்தில், வேர் ஊன்றி, வட்டமாக இலை விரித்து, அங்கிருந்து மெல்லிய கொடியொன்று வில்லாக வளைந்து போய், அடுத்த மூட்டில் மறுபடி வேர் ஊன்றி, மறுபடி இலை. துணியில் இழையோட்டித் தைத்ததுபோல மேடு முழுக்கப் போயிருந்தது. இலை ஓரமெல்லாம் கடித்து வைத்ததுபோல வெட்டு வெட்டாக இருந்தது. வள்ளி அறுத்த மூடுகளில் பால் வடிந்து காய்ந்து பழுப்பாக உறைந்திருந்தது.

"இதுதான், இதுதான்னு தோணுது" என்றார் லாத்தா. குரலில் உறுதி இல்லை. "விடியக்காலம்னா கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். மேடே மஞ்சளாக் கெடக்கும். இந்நேரம் வந்து நான் பாத்ததே இல்ல தங்கச்சி. எல எங்கன பாத்தாலும் ஒரு தினுசா இருக்கு. பூவு இருந்தா ஒரு நொடியில சொல்லிருவேன்."

பூ விரிய மறுநாள் விடிய வேண்டும். மறுநாள் விடியும்போது என் மடியில் என்ன இருக்கும்?

அறுபட்ட ஒரு மூட்டைப் பிடித்தேன். அதிலிருந்து போன கொடியை விரலால் தடவிக்கொண்டே நகர்ந்தேன். அடுத்த மூடு வள்ளி கைப்படாமல் முழுசாக இருந்தது. அதன் நடுவில் குச்சியாக ஒரு காம்பு, நுனியில் கூராக மூடிக்கொண்ட பச்சை மொட்டு. எழுத்தாணி என்று ஏன் பேர் வைத்தார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தக் கூரைப் பார்த்து வைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். வள்ளி அறுத்த மூடும் இதுவும் ஒரே செடி. இதன் பூ எதுவோ, அதுதான் நான் தின்றது.

நான் ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவள். படித்ததில் முக்கால்வாசி மறந்துபோயிற்று. ஆனால் ஒரு நாள் டீச்சர் தன் கொண்டையிலிருந்த செவ்வந்தியை எடுத்து மேசைமேல் பிய்த்துப் போட்டது மறக்கவில்லை. "இது ஒரு பூ இல்ல. ஒரு வீட்டுல நூறு பேரு குடியிருக்கிற மாதிரி, நூறு பூ. இதழ்னு நாம சொல்றோமே, அது ஒவ்வொண்ணும் ஒரு முழுப் பூ. அடியில அதுக்குன்னு தனியா ஒரு விதை இருக்கும். சூரியகாந்தியும் இந்தச் சாதிதான்" என்றார். பூவைப் பிய்த்துவிட்டாரே என்று அன்று வருத்தப்பட்டேன்.

செவ்வந்தி கணக்கா என்றுதானே லாத்தா சொன்னார்?

மண்டியிட்டு உட்கார்ந்து அந்த மூடிய பூவை நகத்தால் கீறினேன். பச்சைத் தோல் பிரிந்தது. உள்ளே மஞ்சள். ஒரு இழையை மெதுவாக உருவினேன். முழுசாக வந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நுனியில் சீப்புப் பல்லைப்போலச் சின்னச் சின்ன வெட்டு. அடியில் வெள்ளைப் பட்டு நூலாக ஒரு குஞ்சம், அதற்கும் அடியில் பிஞ்சு விதை. இன்னொன்றை உருவினேன். அதிலும் விதை. இன்னொன்று. அதிலும்.

"லாத்தா, இது செவ்வந்திச் சாதிதான்! இங்க பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா விதை!"

லாத்தா அந்த வெள்ளைக் குஞ்சத்தைப் பார்த்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டார். "ஆமா, பஞ்சு! பூத்து முடிஞ்சா இதுதேன் பறக்கும். எழுத்தாணிதேன். எழுத்தாணியேதேன்" என்றார். உடனே, கையில் கொண்டுவந்திருந்த மொட்டைக் கொடியைப் பார்த்தார். "அப்ப இதோட எல எங்க?"

அந்தக் கேள்விக்கு என் செவ்வந்திப் பாடத்தில் பதில் இல்லை.

தாழம்புதர்

வள்ளி அதற்குள் அழுகையை அடக்கியிருந்தாள். எழுத்தாணிதான் என்று லாத்தா சொன்னது அவளுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். மேட்டின் சரிவில் இறங்கி, ஒரு தாழம்புதரின் மறைவில் போய்க் குந்தினாள். அங்கே காற்று இல்லை. புதருக்கு அடியில் கையைவிட்டு மணலை விலக்கினாள்.

வாடிச் சுருண்ட இலைகள். பாதி மணலில் புதைந்து, குவியலாகக் கிடந்தன. மேலே புதரைச் சுற்றிக்கொண்டு அதே வேலிப்பருத்தி, பிய்த்தெடுத்த இடம் தெரிய நின்றது.

"கீரையக் கட்டுக் கட்ட நாரு கெடைக்கல லாத்தா. காத்துல பறந்துச்சு. இங்கன வந்து ஒக்காந்து இந்தக் கொடியப் பிச்சு, எலையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டு, கயிறா வச்சுக் கட்டுனேன்."

லாத்தாவுக்கு முதலில் புரியவே இல்லை. "கீரையவா? கட்டா? மடியில அள்ளிக்கிட்டு வந்தா ஆகாதா?"

எனக்குப் புரிந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊரின் பழக்கம். நானே நூறு தடவை கட்டியிருக்கிறேன், கொளிஞ்சியில், ஆவாரையில், கையில் அகப்பட்டதில் எல்லாம். கொல்லையில் அந்தக் கொடியைப் பார்த்ததும் எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? பயம் என் ஊரையே எனக்கு மறக்கடித்துவிட்டது. இலைகளைக் கையில் அள்ளினேன். வேலிப்பருத்தியின் அந்த நாற்றம் குப்பென்று அடித்தது. அவ்வளவு இனிமையான நாற்றத்தை நான் முகர்ந்ததே இல்லை.

ஆனாலும் பிள்ளை விழிக்கவில்லை.

கீரை சரிதான், கொடியும் கயிறுதான், எல்லாம் சரிதான். பிள்ளை என் சேலைக்குள் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தது. லாத்தா எதையோ அரபியில் ஓதி அதன் நெற்றியில் ஊதினார். எனக்கு எந்தச் சாமி பேரும் வாயில் வரவில்லை. நெஞ்சுக்கூடு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கச் சேலையை விலக்கினேன்.

மறைவுக்கு வெளியே நான் ஒரு அடி வைத்திருந்தேன் போலிருக்கிறது. ஒரு கை மணலை அள்ளிக் காற்று அதன் முகத்தில் போட்டது.

உதடு கோணியது. முகம் சிவந்தது. பிறகு ஒரு சத்தம் போட்டதே, அம்மாடி! கம்மிப்போன பழைய குரல் இல்லை. வயிறு நிறைந்த பிள்ளையின் குரல். மணல் மேடு முழுக்கக் கேட்டிருக்கும்.

வள்ளி பதறிப்போய் முந்தானையால் மணலைத் துடைத்து, "ச்சோ, ச்சோ, அழாத தாயி" என்று சமாதானம் செய்ய வந்தாள். லாத்தா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

"அழட்டும் புள்ள. யாரும் அமத்தாதீக. கொஞ்ச நேரம் அழட்டும்."

அழுகை கேட்டதும் என் ரவிக்கை நனைந்தது. பால்தான். அந்தத் தாழம்புதர் மறைவிலேயே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கொடுத்தேன். ராமேஸ்வரத்து வண்டி வந்து மாட்டு மணி கேட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஏன் இவ்வளவு நேரம் தூங்கினாள் என்று லாத்தாவிடம் கேட்டேன்.

"பொறந்ததுல இருந்து இன்னைக்குத்தானே வகுறு ரொம்பியிருக்கு?" என்றார். "பசி ஆறுன புள்ள பின்ன என்ன செய்யும்?"

குடித்து முடித்து அவள் மறுபடி தூங்கிப்போனாள். மூக்கருகே கொண்டுபோன விரலைப் பாதியில் இழுத்துக்கொண்டேன். இந்தத் தடவை நான் அவளை எழுப்பவில்லை.